ராத்திரி இரண்டு மணிக்கு யார் வருவார்?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியது)



போனஸைப் பற்றியும் கூலியைப் பற்றியும் நமக்கு முன்னால் பேசிய தோழர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் பேச வந்திருப்பது வேறு விஷயம். சாகப் போகிற மனிதனை வீட்டில் வைத்துக் காப்பாற்றுகிற குடும்பங்களைப் பற்றிய விஷயம். நல்ல நாளும் அதுவுமாக இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளித்தாலும் பரவாயில்லை, கேளுங்கள். இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களில் இப்படிப்பட்ட ஒரு கட்டிலை வீட்டில் பார்க்காதவர் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள்.

எங்கள் சங்கத்துத் தோழர் ஒருவர். நூல் ஆலையில் சைடர் வேலை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அவருக்கு வாயில் புற்று வந்தது. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் வைத்திருந்து, மின்சாரம் வைத்து, கடைசியில் ஒருநாள் சீட்டைக் கையில் கொடுத்து, "இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். ஒற்றை அறை லைன் வீடு. அதில் ஒரு கட்டில். மனைவி காட்டு வேலைக்குப் போகிறவர். அவர் வேலையை விட்டார். மகளும் வேலையை விட்டாள்.

நாங்கள் நாலைந்து பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனோம். ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு போனோம். அதுதானே வழக்கம்? அந்த அம்மாள் பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆரஞ்சு எதுக்குங்க அண்ணா? அவரு வாயத் தொறந்தே பத்து நாளாச்சுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அவரு கத்தறப்ப நான் என்ன பண்ணோணும்னு யாராச்சும் சொன்னாப் போதுமுங்க."

எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. கதவடைப்பு என்றால் எங்களுக்குத் தெரியும். லேபர் ஆபீசில் என்ன பேச வேண்டும் என்று தெரியும். அந்த அம்மாளின் கேள்விக்கு வாயடைத்து நின்றோம். வலிக்கு மாத்திரை இருக்கிறது என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டோம். எங்கள் ஊர் மருந்துக் கடைகளில் அது கிடைக்கவில்லை. இரண்டு பஸ் மாறிப் போய் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வந்தோம். வாங்கி வந்த நாலாவது நாள் அவர் இறந்துபோனார். அந்த நாலு நாளும் தூங்கினார், பேரனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதற்கு முந்தின முப்பது, நாற்பது நாள் அவர் பட்ட பாட்டுக்கு என்ன சமாதானம் சொல்வது?

அதன் பிறகு நாங்கள் விசாரிக்கத் தொடங்கினோம். மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்? பணக்கார நாடான அமெரிக்காவில் இதற்கென்றே தனி ஏற்பாடு இருக்கிறது, வீட்டுக்கே நர்ஸ் வருகிறாள் என்று ஒரு தோழர் சொன்னார். சரி, முதலில் அதைப் பார்ப்போம் என்று பார்த்தோம்.

அந்த ஏற்பாட்டுக்கு ஹாஸ்பிஸ் என்று பெயர். அது பிறந்தது இங்கிலாந்தில். சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண்மணி முதலில் நர்ஸாக இருந்தார், பிறகு ஆஸ்பத்திரியில் சமூகப் பணி செய்தார், அதற்குப் பிறகு படித்து டாக்டரும் ஆனார். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டபர் ஹாஸ்பிஸைத் திறந்தார். நோய் தீராது என்றால் வைத்தியம் முடிந்துவிட்டதாக அர்த்தமில்லை, வலியைத் தணிப்பதும் வைத்தியம்தான் என்பது அவருடைய கொள்கை. வலி உடம்பில் மட்டுமா இருக்கிறது? கடனைப் பற்றிய கவலையிலும் பிள்ளைகளைப் பற்றிய ஏக்கத்திலும் இருக்கிறது என்றும் அவர் சொன்னார். இரண்டே வருஷத்தில் நர்சுகள் வீடு தேடிப் போகும் ஏற்பாடும் அங்கே தொடங்கியது. நல்ல மனசோடு ஆரம்பித்த காரியம்.

அமெரிக்காவில் 1974 முதல் இந்த வேலை தொடங்கியது. ஆரம்பத்தில் தொண்டர்கள், நர்சுகள், மாதாகோயில்காரர்கள் செய்தார்கள். 1982-இல் அதற்கு ஒரு சட்டம் வந்தது. 65 வயது கடந்தவர்களுக்கு அங்கே மெடிகேர் என்று சர்க்கார் காப்பீடு உண்டு. அந்தக் காப்பீட்டிலிருந்தே ஹாஸ்பிஸுக்குப் பணம் கொடுக்கலாம் என்று ஏற்பட்டது. நிபந்தனை என்ன? இந்த நோயாளி ஆறு மாதத்துக்கு மேல் இருக்கமாட்டார் என்று டாக்டர்கள் எழுதித் தர வேண்டும். நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை வேண்டாம் என்று நோயாளி கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் நர்ஸ், குளிப்பாட்டும் ஆள், கட்டில், ஆக்சிஜன், வலி மருந்து எல்லாம் வீட்டுக்கு வரும். குடும்பம் ஏறத்தாழ ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. காகிதத்தில் படித்தால் நமக்கே பொறாமையாக இருக்கிறது.

ஆனால் பணம் எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள் தோழர்களே. இதில்தான் எல்லாம் இருக்கிறது. வீட்டில் இருக்கும் நோயாளிக்கு இத்தனை நாள் என்று நாள்கணக்கில் பணம். முதல் 60 நாளைக்கு ஒரு நாளுக்கு 200 டாலருக்கு மேல், அப்புறம் கொஞ்சம் குறைவு. அன்றைக்கு நர்ஸ் வந்தாளா இல்லையா என்பதைப் பார்த்துக் கொடுப்பதில்லை. வந்தாலும் அதே பணம், வராவிட்டாலும் அதே பணம். நம் ஆலையில் பீஸ் ரேட் தெரியும், மாதச் சம்பளம் தெரியும். வேலைக்கே வராத நாளுக்கு ஒரு தொழிலாளிக்கு எந்த முதலாளியாவது சம்பளம் கொடுத்ததுண்டா? அங்கே கம்பெனிக்குக் கொடுக்கிறார்கள்.

இதைப் பார்த்த மூலதனம் சும்மா இருக்குமா? 2000-ஆம் ஆண்டில் ஹாஸ்பிஸ்களில் நூற்றுக்கு 30 வீதம்தான் லாபத்துக்கு நடந்தவை. இன்றைக்கு நாலில் மூன்று பங்கு லாபத்துக்கு நடப்பவை. லாஸ் ஏஞ்சல்ஸ் என்ற ஒரே மாவட்டத்தில் 2010-க்குப் பிறகு ஹாஸ்பிஸ் கம்பெனிகளின் எண்ணிக்கை 1,500 சதவீதம் ஏறியது என்று கலிபோர்னியா மாகாணத்தின் கணக்குத் தணிக்கையாளரே 2022-இல் அறிக்கை கொடுத்தார். ஒரே கட்டடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிப் பெயர்ப் பலகைகள்! அந்த ஊரில் சாவு 1,500 சதவீதம் கூடிவிட்டதா என்ன? 2022 ஜனவரி முதல் புது லைசென்சே கிடையாது என்று அந்த மாகாணம் சட்டம் போட்டு நிறுத்த வேண்டி வந்தது.

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் இப்படி. சீக்கிரம் இறந்துபோகிற புற்று நோயாளியால் லாபம் குறைவு. அவனுக்கு மருந்து அதிகம், நர்ஸ் அடிக்கடி போக வேண்டும், நாளும் குறைவு. ஞாபகம் தப்பிப்போன கிழவர், கிழவி கிடைத்தால் நல்ல வரவு. மெதுவாக, நாளெண்ணிக்கொண்டு இருப்பார்கள், செலவு குறைவு. ஒரு நோயாளிக்குச் சராசரியாக இவ்வளவுதான் என்று வருஷத்துக்கு ஒரு மேல்வரம்பை சர்க்கார் வைத்திருக்கிறது. வரம்பு நெருங்குகிறபோது சில கம்பெனிகள் உயிரோடு இருக்கிற நோயாளியை, "நீங்கள் இன்னும் சாகிற மாதிரித் தெரியவில்லை" என்று கணக்கிலிருந்து கழற்றிவிடுவதும் அங்கே சாதாரணம். கட்டிலையும் ஆக்சிஜனையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

குடும்பங்கள் என்ன சொல்லுகின்றன? இதை நாம் ஊகித்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. 2015 முதல் அங்கே ஒரு விசாரணைப் படிவம் நடைமுறையில் இருக்கிறது. நோயாளி இறந்து சில மாதம் கழித்து, அவரைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கோ மகளுக்கோ அந்தப் படிவம் வரும். கேள்விகளைப் படிக்கிறபோது எங்களுக்கு எங்கள் தோழர் மனைவியின் ஞாபகம்தான் வந்தது. சாயங்காலத்திலும் ராத்திரியிலும் விடுமுறை நாளிலும் கேட்டபோது உதவி கிடைத்ததா? வலி மருந்தை எப்போது கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித் தந்தார்களா? மூச்சுத் திணறினால் என்ன செய்வது, நோயாளி நிலைகொள்ளாமல் தவித்தால் என்ன செய்வது, எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று கற்றுத் தந்தார்களா? யார் எழுதிய கேள்வியோ, விஷயம் தெரிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் படிவங்களில் 6,53,208 பேர் எழுதிய பதில்களை எடுத்து, 3,107 ஹாஸ்பிஸ்களை ஒப்பிட்டு, 2023-இல் அமெரிக்க மருத்துவப் பத்திரிகையில் ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. லாபத்துக்கு நடப்பவற்றில் நூற்றுக்கு 31, நாட்டின் சராசரியைவிடத் தெளிவாகத் தாழ்ந்து நின்றன. லாப நோக்கம் இல்லாதவற்றில் அப்படித் தாழ்ந்தவை நூற்றுக்கு 12 அல்லது 13தான். எதிரியைப் பற்றிப் பேசும்போதும் உண்மையைச் சொல்ல வேண்டும். லாபக் கம்பெனிகளிலும் நல்ல மார்க் வாங்கினவை உண்டு. நாடு முழுவதும் பார்த்தால் பத்தில் எட்டுக் குடும்பம் தங்களுக்கு வந்த ஹாஸ்பிஸைப் புகழ்ந்துதான் எழுதுகிறது. நர்ஸ் நல்லவள், அவள் இல்லாவிட்டால் நாங்கள் என்ன ஆகியிருப்போம் என்று எழுதுகிறார்கள். அந்த நர்ஸும் ஒரு தொழிலாளிதானே! ஒருத்தியின் தலையில் எத்தனை வீட்டைக் கட்டுகிறது கம்பெனி என்பதில்தான் வித்தியாசம் வருகிறது.

மீதி இரண்டு குடும்பத்தின் கதையைக் கேளுங்கள். 2017-இல் அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் 20,000 சர்க்கார் ஆய்வுக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார்கள். அதற்கு முந்தின ஐந்து வருஷத்தில் குடும்பத்தாரும் பராமரிப்பவர்களும் கொடுத்த புகார்கள் 3,200-க்கு மேல். வருவதாகச் சொன்ன நர்ஸ் வரவில்லை, வலி அடங்கவில்லை, வெள்ளிக்கிழமை ராத்திரி மருந்து தீர்ந்தது, போனை எடுக்க ஆளில்லை. இப்படியே போகிறது. குளிர்சாதனப் பெட்டியில் மார்பின் மருந்துப் புட்டியை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நடு ராத்திரியில் மனைவி நடுங்குகிற கையால் சொட்டு எண்ணி நாக்குக்கு அடியில் விட வேண்டும். கூடிப்போனால் நாமே கொன்றுவிட்டோமோ என்ற பயம். குறைந்துபோனால் அவர் துடிக்கிறார்.

2014-ஆம் வருஷக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஹாஸ்பிஸில் பதிந்திருந்து இறந்தவர்களில் நூற்றுக்கு 12 பேருக்குக் கடைசி இரண்டு நாளில் நர்ஸோ டாக்டரோ சமூகப் பணியாளரோ ஒருவரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை இறந்தவர்களை மட்டும் எடுத்தால் அது நூற்றுக்கு 20. நர்சுக்கு விடுமுறை வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை, எட்டு மணி நேர வேலைக்குப் போராடினவர்கள் நாம். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொரு நர்ஸை வைக்காமல் அந்தச் சம்பளத்தை மிச்சம் பிடித்தது யார் என்றுதான் கேட்கிறோம்.

அமெரிக்க சர்க்காரின் சுகாதார இலாகாவுக்கு ஒரு தலைமை ஆய்வாளர் அலுவலகம் உண்டு. அது 2019-இல் வெளியிட்ட அறிக்கையில், 2012 முதல் 2016 வரை சோதித்த ஹாஸ்பிஸ்களில் நூற்றுக்கு 80-க்கு மேல் ஏதாவதொரு குறை இருந்தது, ஐந்தில் ஒன்றில் கடுமையான குறை இருந்தது என்று சொல்கிறது. ஒரு நோயாளிக்கு வயிற்றில் சோறூட்டும் குழாய் செருகின இடத்தில் புழு வைத்திருந்தது என்றும் அந்த அலுவலகம் எழுதியிருக்கிறது. உலகத்திலேயே வைத்தியத்துக்கு அதிகச் செலவு செய்கிற நாட்டில், சர்க்கார் பணம் கொடுத்த பிறகு, புழு!

சரி தோழர்களே, அமெரிக்காவை விடுவோம். நமக்குப் பக்கத்திலேயே, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் இருக்கிற கேரளத்தைப் பார்ப்போம். பணம் அங்கே அமெரிக்காவின் கால் தூசுக்கும் வராது. என்ன செய்தார்கள்?

1993-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியவர்கள் ஒரு சங்கம் அமைத்து, வலி தணிப்புக்கென்று ஒரு சின்ன அறையில் வெளிநோயாளிப் பிரிவு தொடங்கினார்கள். நல்ல கூட்டம் வந்தது. ஆனால் வர முடிந்தவர்கள்தான் வந்தார்கள். கட்டிலை விட்டு எழ முடியாதவன் எப்படி வருவான்? பஸ்ஸில் வருவானா? டாக்டர்களே இதை உணர்ந்தார்கள். சாகிறவனுடைய கஷ்டத்தில் மருந்து சம்பந்தப்பட்டது ஒரு பங்குதான், மற்றதெல்லாம் அரிசி, பிள்ளைகளின் படிப்பு, பேச்சுத் துணை, ஆகையால் இது டாக்டர் மட்டும் செய்கிற காரியமாகாது என்று கண்டார்கள். 2000-ஆம் ஆண்டையொட்டி மலப்புறம், கோழிக்கோடு பக்கத்தில் ஊர் மக்களையே இதில் இறக்கினார்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர் யாரும் வரலாம். 16 மணி நேரம் பாடம். பிறகு நர்ஸோடு நாலு நாள் வீடு வீடாகப் போய்ப் பழக வேண்டும். வாத்தியார், கடைக்காரர், கல்லூரிப் பிள்ளைகள், வீட்டுப் பெண்கள் என்று சேர்ந்தார்கள். சில்லறை உண்டியலில்தான் பெரும்பகுதிப் பணம் சேர்ந்தது. இதில் கட்சிக்காரர்களும் இருந்தார்கள், பள்ளிவாசல்காரர்களும் மாதாகோயில்காரர்களும் இருந்தார்கள். நம்மால்தான் எல்லாம் நடந்தது என்று நாம் பெருமையடித்துக்கொள்ளக் கூடாது.

இடது ஜனநாயக முன்னணி சர்க்கார் செய்தது அடுத்த காரியம். 2008-இல், தோழர் வி.எஸ். அச்சுதானந்தன் முதலமைச்சராக இருந்தபோது, வலி தணிப்புச் சிகிச்சைக்கென்று ஒரு கொள்கையை அரசாங்கமே அறிவித்தது. இந்தியாவில் எந்த மாநிலமும் அதற்கு முன் செய்ததில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதுதான் அந்தக் கொள்கைக்கு அடிப்படை. பொறுப்பைப் பஞ்சாயத்தின் கையில் கொடுத்தார்கள். பஞ்சாயத்து நிதியில் ஒரு நர்ஸ், ஒரு வண்டி, மருந்துப் பெட்டி. அந்த வார்டு மெம்பரும் சுகாதாரப் பணியாளரும் கூடவே போவார்கள். மாநிலம் முழுவதும் பஞ்சாயத்துகளில் இது பரவியது.

அந்த நர்ஸ் வீட்டுக்கு வந்து செய்வது பெரிய மந்திர வித்தை ஒன்றுமில்லை. இரண்டு மணிக்கு ஒரு தடவை நோயாளியைப் புரட்டிவிட்டால் படுக்கைப் புண் வராது என்று காட்டுகிறாள். வாயை உப்புத் தண்ணீரால் துடைக்கச் சொல்லித் தருகிறாள். மூத்திரக் குழாயை மாற்றுகிறாள். வாட்டர் பெட்டும் சக்கர நாற்காலியும் பஞ்சாயத்திலிருந்து இரவல் வருகிறது, ஒரு வீட்டில் வேலை முடிந்தால் அடுத்த வீட்டுக்குப் போகிறது. புற்றுப் புண் நாறும். அந்த நாற்றத்தால் சொந்தப் பிள்ளையே கட்டிலுக்குக் கிட்ட வருவதில்லை, நோயாளிக்குச் சாவைவிட அதுதான் பெரிய அவமானம். மெட்ரோனிடசோல் என்ற மலிவான மாத்திரையைப் பொடி செய்து தூவினால் அந்த நாற்றம் அடங்குகிறது. இதை எங்கள் தோழர் வீட்டில் யாராவது ஒருவர் சொல்லியிருக்கக் கூடாதா? அவர் கடைசி மாதம் முழுவதும் துண்டால் வாயை மூடிக்கொண்டே கிடந்தார்.

குறையே இல்லையா கேரளத்தில்? இருக்கிறது. பஞ்சாயத்து நர்ஸ் பல வீடுகளுக்கு மாதத்தில் ஒரு தடவைதான் வர முடிகிறது. அந்த நர்சுகளை ஒப்பந்தச் சம்பளத்தில் வைத்திருக்கிறார்கள், இது நம் சர்க்கார் தொடங்கியது என்பதற்காக நாம் மூடி மறைக்க முடியாது. ராத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் அங்கேயும் மனைவியும் மருமகளும்தான். ஆனால் ஒன்று உண்டு. புகார் சொல்ல வேண்டுமென்றால் வார்டு மெம்பர் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போடலாம். அமெரிக்கக் கம்பெனியின் பங்குதாரன் வீட்டு வாசல் எங்கே இருக்கிறது என்று அந்த விதவைக்குத் தெரியுமா?

இனி மாத்திரை விஷயம். மார்பின் என்பது அபினிலிருந்து எடுக்கிற மருந்து. மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர், நீமச் பக்கத்து விவசாயிகள் சர்க்கார் லைசென்சோடு அபின் செடி பயிரிடுகிறார்கள். அந்த அபினை நம் நாடு வெளிநாட்டுக்கு ஏற்றுமதியும் செய்கிறது. விளைவது இங்கே, வலியில் கத்துகிறவனும் இங்கே, இரண்டும் சந்திக்கவில்லை! 1985-இல் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. அபின் கடத்துகிறவனைப் பிடிக்கப் போட்ட சட்டத்தில் ஆஸ்பத்திரி மாட்டிக்கொண்டது. நாலைந்து லைசென்ஸ், ஒன்று கைக்கு வருவதற்குள் மற்றது காலாவதி. டாக்டருக்குச் சிறை பயம், கடைக்காரனுக்கும் பயம். 1985-க்கும் 1997-க்கும் இடையில் நாட்டில் வைத்தியத்துக்குச் செலவான மார்பின் நூற்றுக்கு 97 பங்கு விழுந்தது. ஏராளமான போராட்டத்துக்கும் மனுக்களுக்கும் பிறகு 2014-இல் பார்லிமெண்டு அந்தச் சட்டத்தைத் திருத்தி, அத்தனை லைசென்சையும் ஒன்றாக்கியது.

சட்டம் திருந்திவிட்டது, பயம் திருந்தவில்லை. நம்மிடமும் அந்தப் பயம் இருக்கிறது. "அது போதை மருந்தாமே, பழகிவிட்டால்?" என்று எங்களிடமே ஒரு தோழர் கேட்டார். சாகக் கிடக்கிறவன் என்னத்தைப் பழகிக் கெட்டுப்போகப் போகிறான்? டாக்டர் சொன்ன அளவில், நேரம் தவறாமல் கொடுத்தால் அது வலியைத்தான் அடக்கும். மலச்சிக்கல் வரும், அதற்கும் கூடவே மருந்து எழுதித் தருவார்கள். வலி வந்தபிறகு கொடுப்பதைவிட வலி வருமுன் மணிக்கணக்குப் பார்த்துக் கொடுப்பதே முறை. வீட்டில் இதைச் செய்கிற பெண்களுக்கு இந்த விஷயம் முக்கியம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதோடு, வலி தணிப்புச் சிகிச்சையும் அதில் சேர்ந்திருக்கிறது. நல்ல திட்டம், வரவேற்கிறோம். ஆனால் வட்டாரம் முழுவதற்கும் வலி தணிப்புக்கு ஒரு நர்ஸ் என்ற கணக்கில் தொடங்கினார்கள். ஒரு வட்டாரத்தில் எத்தனை கிராமம், எத்தனை கட்டில்? வீடு வீடாக மாத்திரை சுமந்து போகிற பெண்களை மாதம் 4,500 ரூபாயில் வேலைக்கு வைத்தார்கள். அவர்களைத் தொழிலாளி என்று சொல்லாமல் தன்னார்வலர் என்று சொன்னார்கள். தன்னார்வம் என்றால் சம்பளம் குறைவு என்று அர்த்தம் போலிருக்கிறது.

ஆலைத் தொழிலாளிகளுக்கு ஒரு வார்த்தை. ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்குப் புற்றுநோய் முதலான 34 நீண்டகால நோய்கள் வந்தால், சாதாரண நோய்ப்படி முடிந்த பிறகும், சம்பளத்தில் நூற்றுக்கு 80 பங்கு, இரண்டு வருஷம் வரை கிடைக்க வழி இருக்கிறது. இரண்டு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும், சந்தா கட்டியிருக்க வேண்டும். எங்கள் தோழர் வீட்டில் இது தெரியாமல் மூன்று மாதம் போய்விட்டது. சங்கத்துக்காரர்களாகிய எங்கள் தவறுதான் அது. உங்கள் ஆலையில் யாராவது படுத்திருந்தால் நாளைக்கே சீட்டை எடுத்துக்கொண்டு சங்க ஆபீசுக்கு வாருங்கள். ஆனால் அந்தப் பணம் படுத்திருப்பவருக்கு மட்டுந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்காகக் கூலியை இழந்தவளுக்கு ஈ.எஸ்.ஐ.யில் ஒரு காசும் இல்லை. விவசாயத் தொழிலாளிக்கோ ஈ.எஸ்.ஐ.யே இல்லை.

ஆகையால் எங்கள் கமிட்டி மூன்று கோரிக்கைகளை எழுதியிருக்கிறது. ஒவ்வொரு ஊராட்சிக்கும் வலி தணிப்பு கற்ற ஒரு நர்ஸ், நிரந்தர வேலை, சரியான சம்பளத்தில். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மார்பின் மாத்திரை, ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கூப்பிட ஒரு ஆள். கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு, இழந்த கூலிக்கு ஈடாக ஒரு படி. இந்த வேலையைக் கம்பெனிகளுக்கு டெண்டர் விட்டுக் கொடுக்கலாம் என்ற யோசனை என்றைக்கு வந்தாலும், லாஸ் ஏஞ்சல்ஸ் கட்டடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். ஒவ்வொரு கிளையும் தன் தெருவில் எழுந்திருக்க முடியாமல் படுத்திருப்பவர்கள் யார், கூட யார் இருக்கிறார்கள், அவர்களின் வேலை என்ன ஆயிற்று, வலிக்கு என்ன கொடுக்கிறார்கள், கடைசியாக நர்ஸ் வந்தது எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயரைக் கேட்கும்போது மெதுவாகக் கேளுங்கள், கணக்கெடுக்க வந்தவர்கள் மாதிரிக் கேட்காதீர்கள்.

சென்ற வாரம் ஒரு கிராமத்தில் இதையே பேசி முடித்தபோது, பின்னால் நின்றிருந்த ஒரு பாட்டி எழுந்து கேட்டார்: "எல்லாம் சரிப்பா. எம் மருமவ ஆறு மாசமா எம் மவனப் பாக்குறா. நடவு தொடங்குது. நாலு நாளு அவ நடவுக்குப் போயிட்டு வர, யாராச்சும் வந்து ஒக்காருவீங்களா?"

அமெரிக்கச் சட்டத்தில்கூட இதற்கு ஒரு இடம் வைத்திருக்கிறார்கள் தோழர்களே. பார்த்துக்கொள்பவர் இளைப்பாற, ஒரு தடவைக்கு ஐந்து நாள் வரை நோயாளியை வெளியில் வைத்துப் பராமரிக்கலாம் என்று. நம்மிடம் சட்டமில்லை. அந்தப் பாட்டிக்கு அன்றைக்கே பதில் சொன்னோம். திங்களும் செவ்வாயும் மாதர் சங்கத் தோழர்கள் இரண்டு பேர், புதனும் வியாழனும் நைட் ஷிப்டு முடிந்து வருகிற ஆலைத் தோழர்கள் இரண்டு பேர் என்று முறை போட்டிருக்கிறோம். புதன்கிழமைக்கு ஒரு ஆள் குறைகிறது. புரட்டிப் படுக்க வைக்கத் தெரிந்தவராக இருந்தால் நல்லது, தெரியாவிட்டால் காலையில் வந்தால் சொல்லித் தருகிறோம். கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வந்து பெயர் கொடுங்கள்.